படியளக்கும் கணக்கு

காரைக்காலுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரியமாக வருகிறார்கள். சனிக்கிழமைகளில் வருகிறவர்கள் நேரே திருநள்ளாறு போய், நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, சனீசுவரனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனி மாதத்தில் வருகிறவர்கள் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வந்து, மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாம்பழங்களில் ஒன்றையாவது பிடித்துவிடப் பார்க்கிறார்கள். இரண்டுமே புருஷன் பெண்டாட்டியை விட்டுப் பிரிந்த கதை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பரமதத்தன் மாம்பழத்தின் ரகசியத்தைக் கண்டு பயந்து, வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறிப் போனவன். பிறகு பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தான். புனிதவதிக்குக் குழந்தை இல்லை. ஆகையால் அவள் தன் சதையை உதறிவிட்டு ஆண்டவனைப் பார்க்கப் போய்விட முடிந்தது. நளன் கதை அப்படியல்ல. தமயந்தியைக் காட்டில் நள்ளிரவில் விட்டுப் போனபோது அவனுக்குப் பிள்ளையும் பெண்ணுமாக இரண்டு குழந்தைகள். அவை தாய்வழிப் பாட்டன் வீட்டில் வளர்ந்தன. நளன் திரும்பி வரும்வரை அவற்றின் பாலுக்கும் துணிக்கும் யார் செலவழித்தார்கள் என்று கதை சொன்னவர்கள் கவலைப்படவில்லை. பாட்டன் விதர்ப்ப நாட்டு ராஜா. ராஜா வீட்டில் அந்தக் கேள்வி எழாது.

பாட்டன் ராஜாவாக இல்லாத வீடுகளில்தான் அது எழுகிறது.

நம் பாஷையில் இதற்கு 'ஜீவனாம்சம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஜீவிப்பதற்கான அம்சம், அதாவது பங்கு. அழகான வார்த்தைதான். ஆனால் கோர்ட்டு வராந்தாவில் அடிபட்டு அடிபட்டு அதன் அர்த்தம் தேய்ந்துவிட்டது. பங்கு என்றால் உரிமை. ஜீவனாம்சம் என்ற மாத்திரத்தில் நமக்குத் தோன்றுவதோ, கேட்பவள் ஒருத்தி, கொடுக்க மனமில்லாதவன் ஒருவன், நடுவில் ஒரு வக்கீல் என்கிற காட்சி. பங்குக்கு உரிய குழந்தை அந்தக் காட்சியில் தென்படுவதே இல்லை.

நான் அப்படித் தென்படாமல் இருந்தவர்களில் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தாயாரும் தகப்பனாரும் பிரிந்தபோது எனக்கு ஐந்து வயது. அது 1987. யார் மேல் குற்றம் என்பது இங்கே அவசியமில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை. மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் என் பேருக்கு மாதம் 150 ரூபாய் என்று உத்தரவாயிற்று. தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். நாங்கள் நெடுங்காட்டுப் பக்கத்தில் தாத்தா வீட்டுக்கு வந்தோம். தாத்தாவுக்கு ஆறு மா குத்தகை நிலம். அம்மா தையல் மிஷின் வைத்துக்கொண்டாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பணம் தவறியதில்லை. மாதம் பிறந்து பத்து நாளைக்குள் தபால்காரர் மணியார்டர் பாரத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவார். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, எண்ணிப் பார்க்காமல் அரிசிப் பானைக்குப் பக்கத்திலிருந்த டப்பாவில் வைப்பாள். பாரத்தின் அடியில் செய்தி எழுதச் சில அங்குலம் இடம் விட்டிருக்கும். அப்பா அதில் ஒரு நாளும் எதுவும் எழுதியதில்லை. நான் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

பத்தாம் வகுப்பு வந்தபோது எனக்கு வேறொன்று தென்பட்டது. ஒன்றாம் வகுப்பில் வந்ததும் 150, இப்போது வருவதும் 150. என் கால்சட்டை முழுக்கால் சட்டையாகிவிட்டது; சிலேட்டுப் பலகை போய் ஜியாமெட்ரி பாக்ஸ் வந்துவிட்டது; ரூபாய் மட்டும் அப்படியே இருந்தது. தாத்தாவிடம் கேட்டேன். அவர் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ரூவாயில எழுதினாக் கரைஞ்சுதான் போகும் தம்பி. அந்தக் காலத்துப் பஞ்சாயத்தா இருந்தா நெல்லுல பேசி முடிச்சிருப்பாங்க. வருஷத்துக்கு இத்தனை கலம்னு. நெல்லு கரையாது."

கிழவர் சொன்னதை அப்போது வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1987-88-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 150 ரூபாய். அதாவது, என் பேருக்கு உத்தரவான தொகை சரியாக ஒரு குவிண்டால் நெல். எனக்குப் பதினெட்டு வயது முடிந்த 2000-01-இல் அதே நெல்லின் விலை 510 ரூபாய். அப்போது வந்த 150 ரூபாய்க்கு முப்பது கிலோ நெல்கூடக் கிடைக்காது. வளர்ந்த பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த படி. அப்பா ஏமாற்றவில்லை; கோர்ட்டும் ஏமாற்றவில்லை. ஒரு காகிதம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சட்டமே அப்படி அசையாமல் உட்கார்ந்த சரித்திரம் உண்டு. 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-ஆவது பிரிவு, மாஜிஸ்டிரேட் மாதம் 50 ரூபாய்க்கு மேல் உத்தரவிடக் கூடாது என்றது. 1923-இல் அது 100 ஆயிற்று, 1955-இல் 500. 1973-இல் புதுச் சட்டம் எழுதியபோது பிரிவின் நம்பர் 125 என்று மாறியதே தவிர, ஐந்நூறு மாறவில்லை. அந்த உச்சவரம்பு ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்து அல்ல, கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்று 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் விளக்கம் சொன்னதால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1955-இல் வைத்த வரம்பை எடுத்தது 2001-இல். நாற்பத்தாறு வருஷம்! எனக்கு வயது வந்த மறு வருஷம் அந்தத் திருத்தம் வந்தது.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அதற்கில்லை. குழந்தை கல்யாணத்தில் பிறந்ததா, அதற்கு வெளியே பிறந்ததா என்ற பேதமும் இல்லை. 1898-லேயே இல்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரைக்காலில் சட்டம் என்று பேச்செடுத்தால் இரண்டு சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1739-இல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய ஊர் இது. 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்தக் கோயிலும் இந்தக் குளமும் இருக்கிற மண்ணில் நெப்போலியன் காலத்து 1804-ஆம் வருஷ சிவில் சட்டமும் இருந்தது. 1881 செப்டம்பரில் வந்த ஓர் உத்தரவின்படி, சாதி சமய வழக்கத்தை எழுத்து மூலமாகத் துறந்துவிட்டால் ஒரு தமிழனும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடலாம். துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். இணைப்புக்குப் பிறகு 1963-இல் இந்து திருமணச் சட்டத்தை இங்கே நீட்டியபோதுகூட அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியாக எழுதி வைத்தார்கள்.

இந்த விஷயங்களை எனக்குச் சொன்னவர் ஒரு வயதான வக்கீல் நண்பர். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா போய்த் திரும்பிய 'சொல்தா'. ஒரு நாள் சாயங்காலம் அரசலாற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "பிள்ளை வளர்க்கிற செலவுக்கு உங்கள் நெப்போலியன் என்ன சொல்கிறார், ஐயா?"

அவர் மூன்று நம்பர் சொன்னார். 203, 208, 209. கல்யாணம் செய்துகொண்ட அந்தச் செயலாலேயே பிள்ளைகளை ஊட்டி வளர்த்து ஆளாக்கும் கடமை இரண்டு பேரையும் பிடிக்கிறது என்பது முதலாவது. கேட்பவரின் தேவையையும் கொடுப்பவரின் வசதியையும் சேர்த்து வைத்து அளவு தீர்மானிக்க வேண்டும் என்பது இரண்டாவது. கொடுப்பவன் நொடித்துப்போனாலோ, வாங்குபவருக்குத் தேவை தீர்ந்தாலோ குறைக்கவோ நிறுத்தவோ கேட்கலாம் என்பது மூன்றாவது.

"தராசுக்கு இரண்டு தட்டு. இதைத் தவிர இருநூறு வருஷமா யாரும் புதுசாக் கண்டுபிடிக்கல, தம்பி" என்றார். உடனே, உண்மையான வக்கீலாகையால், எதிர்க்கட்சிக்கும் பேசினார். அந்தப் பெருமை பெற்ற சட்டம், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தன் தகப்பன் யார் என்று கோர்ட்டில் தேடவே கூடாது என்று தடுத்திருந்தது. பிரான்ஸில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது 1912-இல்தான்.

அவருடைய தங்கை பெண் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். 1962-இல் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். அவள் புருஷனை விட்டுப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். அங்கே கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று வக்கீல் விவரித்ததைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2010-இல் அந்த நாட்டு நீதி அமைச்சகம் ஓர் அட்டவணை வெளியிட்டது. தகப்பனின் மாத வருமானத்திலிருந்து அவன் உயிர் வாழ்வதற்கு வேண்டிய குறைந்தபட்சத் தொகையை முதலில் கழித்துவிட வேண்டும். மிச்சத்தில், ஒரு குழந்தையானால் 13.5 சதவீதம், இரண்டானால் ஒவ்வொன்றுக்கும் 11.5, மூன்றானால் ஒவ்வொன்றுக்கும் 10. வருமானம் 2000 யூரோ, கழிவு 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 1400. இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கு 161 வீதம் 322 யூரோ. குழந்தைகள் பாதி நாள் தகப்பனிடமே தங்குகிறார்கள் என்றால் அங்கேயும் சோறு தின்கிறார்கள் அல்லவா? அப்போது சதவீதம் 7.8 ஆகக் குறைகிறது. இது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, வழி காட்டும். ஆனால் இரண்டு கட்சியும் கோர்ட்டுக்குள் நுழையுமுன்பே ஏறக்குறைய என்ன வரும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் என்னைத் தொட்டது சதவீதமல்ல. அங்கே தீர்ப்பில் வழக்கமாக இன்னொரு வரி எழுதுகிறார்களாம்: வருஷத்துக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டெண் ஏறியதற்குத் தக்கபடி தொகையும் ஏறும். தாய் மனுப் போட வேண்டாம். கடிதம்கூட எழுத வேண்டாம். கொடுக்கிறவனே கணக்குப் பார்த்துக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 2023 முதல், இரண்டு பேரும் வேண்டாம் என்று சொன்னாலொழிய, சர்க்காரின் குடும்ப உதவி நிதி அலுவலகமே தகப்பனிடம் வாங்கித் தாயிடம் சேர்த்துவிடுகிறது.

தாத்தாவின் நெல்லைத்தான் வெள்ளைக்காரன் வேறு பாஷையில் எழுதி வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

நம்மிடம் அட்டவணை கிடையாது. அட்டவணை போட முடியாததற்கு நியாயமும் இருக்கிறது. காரைக்கால்மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ ஒரு மீனவனின் மாத வருமானம் என்ன என்று எந்த அமைச்சகம் சொல்லும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். அதற்கப்புறம் ஒரு நாள் வலை கிழிய வரும். பத்து நாள் டீசல் காசுக்கும் வராது. ஆனால் குழந்தைக்குத் தடைக்காலம் கிடையாது. மே மாதமும் அதற்குப் பசிக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கடைக்காரனின் கல்லாவில் வருவது கணக்குப் புத்தகத்தில் பாதிதான் ஏறும். வளைகுடாவுக்குப் போனவனின் சம்பளம் அவன் சொன்னால்தான் தெரியும். ஊரில் புல்லட்டில் வருகிறவர், கோர்ட்டு வாசலில் மட்டும் செருப்புத் தேய்ந்த ஏழையாகிவிடுவதை வக்கீல்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இந்த நாடகத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-ஆம் தேதி ஒரு தீர்ப்பில் வழி சொன்னது. இரண்டு கட்சியும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தையின் பங்கு சோறும் துணியும் மட்டுமல்ல. வீடு, வைத்தியம், படிப்பு எல்லாம் சேர்த்துத்தான். தாயும் சம்பாதித்தால் படிப்புச் செலவை வருமானத்துக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்ளலாம். ஜீவனாம்சம் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். வாய்தாவை வளர்த்துக்கொண்டே போவதில் லாபம் இருந்தவரை வளர்த்தார்கள். அந்த லாபத்தைத்தான் தீர்ப்பு பிடுங்கிவிட்டது.

திரும்பக் கேட்பதற்கும் வழி எப்போதும் இருந்தது. பழைய சட்டத்தில் 127, இப்போது 146. நிலைமை மாறிவிட்டது என்று நிரூபித்தால் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்துக்களுக்கு 1956-ஆம் வருஷ ஜீவனாம்சச் சட்டத்திலும் அதே உரிமை உண்டு. குறைப்பதும் நியாயமே. படகைப் புயலுக்குக் கொடுத்தவனிடமும், ஆலை மூடி வீட்டுக்கு வந்தவனிடமும் பழைய கணக்கைக் காட்டி ஜெயிலுக்கு அனுப்பினால் குழந்தைக்கு அதனால் பால் வரப்போவதில்லை. மாதப் பணம் கட்டத் தவறினால் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அது கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்காகத்தான்.

வழி இருந்ததே, என் தாயார் ஏன் போகவில்லை? இதை நான் அவளிடமே கேட்டேன். அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது; கேட்கிற தைரியம் வந்திருந்தது. அவள் ரவிக்கைத் துணியில் காஜா எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"முதல் தடவை கோர்ட்டுக்குப் போனப்ப உனக்காகப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவை போனா காசுக்காகப் போறேன்னு அவர் நினைப்பார். அந்த வராந்தாவில அவர் அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில, பழையபடி நிக்கணும். மாசம் அம்பது ரூபா கூட வரும்னு வச்சுக்க. நாலு வாய்தா பஸ் சார்ஜுக்கும், தைக்காத ரவிக்கைக்கும் அது சரியாப் போச்சு. கையேந்துற மாதிரி இருக்குடா."

சட்டப் புத்தகங்களில் 127-ஆவது பிரிவைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை. விலைவாசி ஏறியது ஊருக்கே தெரியும். பிள்ளை வளர்ந்தது பெற்றவனுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை மறுபடி மறுபடி நிரூபிக்கிற பாரத்தை, ஏற்கெனவே பிள்ளையைச் சுமக்கிறவள் தலையிலேயே வைத்தால் அவள் என்ன செய்வாள்? வாங்குவதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாள். அவள் சும்மா இருப்பதைத் திருப்தி என்று உலகம் எழுதிக்கொள்ளும்.

உத்தரவிலேயே வருஷாவருஷம் உயர்வு வைக்க நம் கோர்ட்டுகளுக்குத் தடை ஒன்றும் இல்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் என்று தீர்மானித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அது 5 சதவீதம் ஏற வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது. பெரிய இடத்துக் கணக்கு அது. நமக்கு ஐம்பதாயிரம் வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது வரி வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் உத்தரவுக்குத்தான் அது முக்கியமாக வேண்டும்.

போன வருஷம் கோட்டுச்சேரியிலிருந்து எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு பெண் வந்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. புருஷன் கடை வைத்திருக்கிறான். பெரியவர்கள் பேசி, சமாதானமாகவே பிரிகிறார்கள். மாதம் ஆறாயிரம் என்று முடிவாகி, கோர்ட்டில் தாக்கல் செய்ய ராஜிப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். எழுத்தாளனிடம் வேறு எதற்கு வருவார்கள்?

தமிழ் சரியாகத்தான் இருந்தது. நான் அவளை வக்கீல் நண்பரிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "வருஷத்துக்கு எவ்வளவு ஏத்திக் கொடுப்பான்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க பெரியப்பா" என்றாள் என்னைப் பார்த்து.

"கேட்டியா?"

"இல்லை."

நண்பர் பத்திரத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினார். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் முதல் தொகை நூற்றுக்கு எட்டு வீதம் ஏறும். பள்ளிக்கூடச் சம்பளத்தில் பாதியை ரசீதைப் பார்த்துத் தகப்பன் நேரே பள்ளிக்கூடத்திலேயே கட்டிவிட வேண்டும்.

அந்தப் பையன் மறுநாள் வந்தான். நான் பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக இருந்தேன். அவன் பத்திரத்தை இரண்டு தடவை படித்தான். எட்டை ஆறாக்கச் சொன்னான், ஆறாக்கினோம். பள்ளிக்கூட வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"சம்பளம் கட்டப் போனா, பாப்பாவை அங்கே பார்க்கலாமில்ல?" என்றான்.

பார்க்கலாம் என்றார் வக்கீல். அவன் கையெழுத்துப் போட்டான்.